மூன்று நிறுவனங்களில் எதற்கு சைபர் ஆபத்து அதிகம்? ஸ்கோரை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஒரு முதலீட்டுக் குழுவுக்காக மூன்று நிறுவனங்களின் சைபர் ஆபத்தை ஒப்பிட்டு வரிசைப்படுத்த வேண்டும். முதலாவது, பல நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துத் தரும் சேவை நிறுவனம். இரண்டாவது, ஒரு நடுத்தர மருத்துவமனை. மூன்றாவது, விரிவாக்கத் திட்டத்தில் இருக்கும் ஓர் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை. வெளியிலிருந்து மதிப்பிடும் ஒரு ரேட்டிங் நிறுவனம் இவற்றுக்கு முறையே 780, 640, 710 என்று ஸ்கோர் தந்திருக்கிறது (அதிகமானால் நல்லது). சம்பள நிறுவனத்திடம் தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் இருக்கிறது. மருத்துவமனையில் மூன்று வருடத்தில் இரண்டு சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, தொழிற்சாலையில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஆபத்து வரிசையில் மருத்துவமனை முதலிடம், தொழிற்சாலை இரண்டாவது, சம்பள நிறுவனம் கடைசி என்று எழுதிவிடலாமா?

இப்போதைக்கு எழுதாதீர்கள். உங்களிடம் இருக்கும் மூன்று தகவல்களும் மூன்று வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. அதில் எதுவும் நீங்கள் தேடும் ஆபத்து இல்லை. நான் பல வருடங்களாக நிறுவனங்களின் ரிஸ்க்கை மதிப்பிடும் வேலையில் இருக்கிறேன். இதே மாதிரியான ஒரு வரிசையை நம்பி எடுத்த முடிவு தலைகீழாகப் போனதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: ஆபத்து யாருக்கு? இதைக் கேட்காமல் ஆரம்பித்தால் ஒப்பீடு எங்கேயும் போய்ச் சேராது. சம்பள நிறுவனத்தில் தரவு திருடு போனால் முதலில் அடிபடுபவர்கள் அதன் வாடிக்கையாளர் நிறுவனங்களின் ஊழியர்கள். அவர்களுடைய வங்கிக் கணக்கு எண், அடையாள எண், முகவரி எல்லாம் வெளியே போய்விடும். அந்த நிறுவனம் அபராதம் கட்டிவிட்டு அடுத்த வருடமும் லாபம் பார்க்கலாம். தொழிற்சாலை முடங்கினால் அடி பெரும்பாலும் அதன் உரிமையாளர்கள் மேலேயே விழும். மருத்துவமனை முடங்கினால் நோயாளிகள் மேல் விழும். 2017 மே மாதம், கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் தாக்கியபோது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையில் சுமார் 19,000 மருத்துவ அப்பாயின்ட்மென்டுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. அந்த இழப்பு முதலீட்டாளரின் கணக்குப் புத்தகத்தில் வராது. நீங்கள் முதலீட்டுக் குழுவுக்காக எழுதுகிறீர்கள் என்பதால் முதலீட்டாளர் பார்வையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை அறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நாளைக்கு அதே வரிசையை யாராவது எடுத்து, எந்த நிறுவனத்திடம் நம் ஊழியர்களின் தரவைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தால் அது தவறான பயன்பாடு.

சரி, இப்போது அந்த ஸ்கோர்.

இந்த ரேட்டிங் நிறுவனங்கள் வெளியே நின்று எட்டிப் பார்ப்பவை. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் போர்ட்டுகள் (இணைப்பு வாசல்கள்), காலாவதியான இணையதளச் சான்றுகள், மின்னஞ்சல் போலிகளைத் தடுக்கும் அமைப்புகள் இருக்கின்றனவா, பழைய மென்பொருள் பதிப்புகள், வைரஸ் தொற்றிய கணினிகளிலிருந்து கிளம்பும் போக்குவரத்து, கசிந்த பாஸ்வேர்டுகள் என இவற்றையெல்லாம் சேர்த்து ஓர் எண்ணாக்குகிறார்கள். பயனில்லை என்று சொல்ல மாட்டேன். எக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் 2017ல் சுமார் 14.7 கோடி பேரின் தகவல் திருடு போனது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2016 ஆகஸ்டில், முதலீட்டு ஆய்வு நிறுவனமான எம்எஸ்சிஐ தன் ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம்) மதிப்பீட்டில் அதை மிகக் கீழான சிசிசி நிலைக்கு இறக்கியிருந்தது. தரவுப் பாதுகாப்பு மோசம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, வெளியிலிருந்து பார்த்தாலும் சில நேரம் சரியாகவே தெரியும்.

ஆனால் வெவ்வேறு வகை நிறுவனங்களை அதே எண்ணால் ஒப்பிடும்போதுதான் கோளாறு வருகிறது. மருத்துவமனைக்கு வருபவர்கள் பார்வையாளர் வைஃபையில் தங்கள் போனை இணைக்கிறார்கள். அதில் பத்து போனில் வைரஸ் இருந்தால் அந்தப் போக்குவரத்து முழுவதும் மருத்துவமனையின் ஐபி முகவரியிலிருந்து போவதாகத் தெரியும், ஸ்கோர் குறையும். சிகிச்சைப் பிரிவின் சர்வருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். சம்பள நிறுவனம் முழுக்க கிளவுடில் இயங்குகிறது என்று வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை மிகக் குறைவு, அதனால் ஸ்கோர் பளிச்சென்று இருக்கும். கிளவுட் கணக்கின் நிர்வாகி பாஸ்வேர்டு ஒரே ஒருவரிடம் இருக்கிறது, அதற்கு இரண்டடுக்கு சரிபார்ப்பு இல்லை என்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. தொழிற்சாலையில் அலுவலகக் கணினிகளும் இயந்திரங்களை இயக்கும் கணினிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்பதும் அப்படித்தான். என் அனுபவத்தில் இந்த ஸ்கோர் இரண்டு இடங்களில் உருப்படியாக உதவும். ஒன்று, ஒரே துறையில் ஏறக்குறைய ஒரே அளவுள்ள நிறுவனங்களை ஒப்பிடும்போது. இன்னொன்று, ஒரே நிறுவனத்தின் ஸ்கோர் ஆறு மாதத்தில் எப்படி நகர்ந்தது என்று பார்க்கும்போது. 780க்கும் 710க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சம்பள நிறுவனத்தையும் தொழிற்சாலையையும் தரம் பிரிக்காதீர்கள்.

சான்றிதழுக்கு வருவோம். ஐஎஸ்ஓ 27001 சொல்வது, பாதுகாப்பை நிர்வகிக்க ஓர் ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது என்பது. அந்த ஏற்பாடு நிறுவனம் முழுவதற்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். சான்றிதழிலேயே அதன் எல்லை எழுதியிருக்கும். தரவு மையத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு, நிறுவனம் முழுவதற்கும் வாங்கியதுபோல் முதல் பக்கத்தில் போட்டுக்கொள்வது சகஜம். வெளித் தணிக்கையாளர் கட்டுப்பாடுகளைப் பார்த்துத் தரும் எஸ்ஓசி 2 அறிக்கை என்றால் அது முதல் வகையா இரண்டாம் வகையா என்று பாருங்கள். முதல் வகை ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டுப்பாடுகள் எப்படி வடிவமைக்கப்பட்டிருந்தன என்று மட்டும் சொல்லும். இரண்டாம் வகை பல மாத காலத்தில் அவை உண்மையில் வேலை செய்தனவா என்று சோதித்துச் சொல்லும். சான்றிதழ் இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டார்கெட் கடைகளின் கதை போதும். 2013 செப்டம்பரில் அட்டைப் பரிவர்த்தனைப் பாதுகாப்புத் தரத்தில் தேர்ச்சி என்று சான்று பெற்றார்கள். நவம்பர் கடைசியில் திருட்டு ஆரம்பித்தது, சுமார் 4 கோடி அட்டைகளின் விவரம் போனது. திருடர்கள் உள்ளே வந்தது குளிர்சாதன வேலை பார்க்கும் ஒரு வெளி ஒப்பந்ததாரருக்குத் தந்திருந்த நெட்வொர்க் அனுமதி வழியாக. சான்றிதழ் அந்த வாசலை அடைக்கவில்லை.

இப்போது, உங்கள் கேள்வியில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த விஷயம். மருத்துவமனைக்கு இரண்டு, தொழிற்சாலைக்குச் சுழியம்.

சம்பவ எண்ணிக்கை மூன்று படிகளைத் தாண்டி வந்தால்தான் உங்கள் மேசைக்கு வரும். முதலில் அது நடக்க வேண்டும், பிறகு யாராவது கவனிக்க வேண்டும், அப்புறம் வெளியே சொல்ல வேண்டும். நாம் ஒப்பிட நினைப்பது முதல் படியை. நம் கைக்கு வருவது மூன்றாவது படியைத் தாண்டியவை மட்டும். சொல்ல வேண்டிய கட்டாயம் துறைக்குத் துறை, நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 500 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்ட மருத்துவத் தரவுக் கசிவை 60 நாளுக்குள் அரசிடம் தெரிவிக்க வேண்டும், அது பொதுப் பட்டியலிலும் ஏறும். ஐரோப்பாவில் தனிநபர் தரவு கசிந்தால் ஒழுங்குமுறை அமைப்புக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் அமெரிக்க நிறுவனங்கள் சம்பவம் முக்கியமானது என்று தீர்மானித்த நாளிலிருந்து நான்கு வேலை நாளில் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2023ல் வந்தது. ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் இயந்திரம் மூன்று நாள் நின்றுபோனால், தனிநபர் தரவு எதுவும் போகாதவரை, பல இடங்களில் அதை யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. அதனால் மருத்துவமனைகள் பட்டியல்களில் அதிகம் தென்படுகின்றன, தொழிற்சாலைகள் தென்படுவதில்லை.

கவனிப்பதும் அப்படித்தான். இரண்டு சம்பவங்களைக் கண்டுபிடித்து, எழுதி வைத்து, வெளியே சொன்ன இடத்தில் குறைந்தபட்சம் கவனிக்க ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது. நான் மதிப்பிட்ட ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், பத்து வருடமாக ஒரு சம்பவமும் இல்லை என்று பெருமையோடு சொன்னது. சர்வர் பதிவுகளைக் கேட்டேன். ஏழு நாளுக்கு மேல் சேமிப்பதில்லை என்றார்கள். எட்டு நாளுக்கு முன் யார் வந்து போனார்கள் என்று பார்க்கவே வழியில்லாத இடத்தில் சுழியத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. உங்கள் தொழிற்சாலையிடமும் முதலில் இதையே கேளுங்கள்: பதிவுகள் எத்தனை நாள் இருக்கும், அதை யார் பார்க்கிறார்?

இதே கோளாறு மற்ற எண்களிலும் உண்டு. ஊழியர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க நடத்தும் போலி மின்னஞ்சல் சோதனையில் ஒரு நிறுவனத்தில் 4 சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள், இன்னொன்றில் 15 சதவீதம் என்றால் இரண்டாவது மோசம் என்று தோன்றும். எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய மின்னஞ்சலை அனுப்பினால் யார் வேண்டுமானாலும் 4 சதவீதம் வாங்கலாம். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி, மின்னஞ்சல் எவ்வளவு கடினமானது என்று அளக்கத் தனியாக ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. மென்பொருள் ஓட்டைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். அதிகம் தேடுகிறவர்களுக்கு அதிகம் கிடைக்கும். எண்ணிக்கைக்குப் பதிலாக ஒன்று கேட்கலாம். உண்மையில் தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளை மட்டும் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021லிருந்து ஒரு பட்டியலாக வெளியிட்டு வருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவற்றில், இணையத்தை நோக்கி இருக்கும் கணினிகளில் இன்னும் அடைக்காதவை எத்தனை, அதில் மிகப் பழையது எத்தனை நாளாக இருக்கிறது? சராசரி நாள் கேட்காதீர்கள். எக்விஃபாக்ஸில் நுழைந்தவர்கள் வந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே அதை அடைக்கும் பேட்ச் வந்துவிட்டது. போடாமல் விட்டுப்போன ஓர் இடம், மே மாதத்தில் நுழைய அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

அப்படியானால் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது? மூன்று நிறுவனங்களிடமும் ஒரே நிகழ்வைப் பற்றி, ஒரே கால அளவுக்கு, ஒரே அலகில் கேளுங்கள். உதாரணமாக: அடுத்த ஒரு வருடத்தில் ரான்சம்வேர் தாக்கி முக்கிய வேலை நின்றுபோகும் வாய்ப்பு எவ்வளவு, நின்றால் எத்தனை நாள்? பணமாகச் சொன்னால் பெரிய நிறுவனம் எப்போதும் மேலே வந்துவிடும். அதனால் நான் வருமானம் நின்ற நாட்களாக மாற்றிக்கொள்வது வழக்கம். சிறியதும் பெரியதும் அதில் ஓரளவு சமமாக நிற்கும். தரவுத் திருட்டுக்குத் தனியாக இன்னொரு கேள்வி வேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் கலக்காதீர்கள்.

வாய்ப்பை மதிப்பிட, ஸ்கோரைவிட நாலைந்து நேரடிக் கேள்விகள் அதிகம் சொல்லும். இரண்டடுக்கு சரிபார்ப்பு இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். எந்தெந்தக் கணக்குக்கு இல்லை என்று கேளுங்கள். 2021 மே மாதம் அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனைத் தாக்கியவர்கள், பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் பாஸ்வேர்டை வைத்து வந்தார்கள். 2024ல் அமெரிக்க மருத்துவக் கட்டணச் சேவை நிறுவனமான சேஞ்ச் ஹெல்த்கேரில் வழி தந்தது இரண்டடுக்கு இல்லாத ஒரு தொலைநிலை நுழைவாயில். விதிவிலக்குகளில்தான் வீடு எரிகிறது. பேக்கப் இருக்கிறதா என்பதும் அதே மாதிரி உபயோகமில்லாத கேள்வி. கடைசியாக எப்போது முழு அமைப்பையும் பேக்கப்பிலிருந்து மீட்டுப் பார்த்தீர்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று கேளுங்கள். பதில் வர நேரமானால் அதுவே ஒரு பதில்.

மீட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியது. அவர்களை யாரும் குறிவைக்கவில்லை. உக்ரைனில் வரிக் கணக்குக்குப் பயன்படும் ஒரு மென்பொருளின் அப்டேட் வழியாக வந்த நாசம் அவர்களையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. 4,000 சர்வர், 45,000 கணினி எல்லாவற்றையும் பத்தே நாளில் மறுபடி நிறுவினார்கள். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று அவர்களே சொன்னார்கள். இதில் என்னால் மறக்க முடியாதது ஒன்று உண்டு. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துபோயின. தப்பித்தது கானாவில் இருந்த ஒன்று மட்டும், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் போய் இணைப்பு அறுந்திருந்ததால். அந்த மின்தடை இல்லாவிட்டால் பத்து நாள் எத்தனை நாளாகியிருக்கும்? எந்த ரேட்டிங்கிலும் எந்தச் சான்றிதழிலும் இந்தக் கேள்வி இல்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பதில்கள் வந்த பிறகு எண்களை ஒற்றைப் புள்ளியாக எழுதாமல் வரம்பாக எழுதுங்கள். விளக்கத்துக்காக நானே போடும் எண்கள் இவை, உங்கள் நிறுவனங்களின் எண்கள் அல்ல. தொழிற்சாலை: வருட வாய்ப்பு 5 முதல் 10 சதவீதம், நின்றால் 10 முதல் 25 நாள். மருத்துவமனை: 10 முதல் 15 சதவீதம், 5 முதல் 12 நாள். சம்பள நிறுவனம்: 3 முதல் 6 சதவீதம், 4 முதல் 8 நாள். பெருக்கினால் ஒரு வருடத்துக்கு எதிர்பார்க்கும் இழப்பு தொழிற்சாலைக்கு 0.5 முதல் 2.5 நாள், மருத்துவமனைக்கு 0.5 முதல் 1.8 நாள், சம்பள நிறுவனத்துக்கு 0.12 முதல் 0.48 நாள். மேலே இருக்கும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. நேர்மையாகச் சொன்னால் அவற்றுக்குள் எது முதல் என்று பிரிக்க முடியாது, பிரிக்க முடியாது என்றே எழுதுங்கள். மூன்றாவது தனியாகக் கீழே நிற்கிறது, அதைச் சொல்லலாம்.

இதற்குப் பதிலாக வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 என்று போட்டுப் பெருக்கிச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டத்தில் வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. ஒப்பீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடிக்கடி நடக்கும் சின்னத் தொல்லையும் (5×2) எப்போதாவது நடந்து நிறுவனத்தையே மூடவைக்கும் பேரழிவும் (2×5) அதில் ஒரே 10 ஆகிவிடுகின்றன. 1, 2 என்பவை வரிசை எண்கள், பெருக்கும் எண்கள் அல்ல. டோனி காக்ஸ் என்ற ஆய்வாளர் 2008லேயே இந்தக் கட்டங்கள் சில சூழலில் குருட்டுத்தனமாகத் தேர்வு செய்வதைவிட மோசமான முடிவைத் தரும் என்று காட்டிவிட்டார்.

சராசரியோடும் நிறுத்தாதீர்கள். சைபர் இழப்புகளில் பெரும்பாலானவை சிறியவை, ஆனால் அரிதாக வரும் பெரியது மற்றவற்றைவிடப் பல நூறு மடங்கு இருக்கும். அதனால் ஒவ்வொரு நிறுவனமும் வருமானம் இல்லாமல் எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். தொழிற்சாலையிடம் 20 நாள் சம்பளத்துக்கும் கடனுக்கும்தான் கையிருப்பு என்றால், 25 நாள் நிற்கக்கூடும் என்ற அந்த மேல் எல்லை முதலீட்டாளருக்கு மிக முக்கியமான எண். மருத்துவமனை 12 நாள் நின்றாலும் 60 நாள் தாங்கும் என்றால் இரண்டும் ஒன்றல்ல. வரம்புகள் படிந்துகிடந்தாலும் இந்த இடத்தில் தொழிற்சாலை தெளிவாகப் பிரிந்து முன்னே வந்துவிடும். உங்கள் முதல் வரிசையில் அது நடுவில் இருந்தது.

இன்னொன்று, மூன்றிலும் குழு முதலீடு செய்வதாக இருந்தால் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தது போதாது. ஒரே கோப்புப் பரிமாற்ற மென்பொருளை மூன்றும் பயன்படுத்துகின்றனவா, ஒரே வெளி நிறுவனம் மூன்றுக்கும் கணினிப் பராமரிப்பு செய்கிறதா என்று கேட்டுவையுங்கள். 2023ல் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளின் ஒரே ஓட்டையால் உலகம் முழுக்க 2,000க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அடிபட்டன. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான ஓர் அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது, அதில் ஹேக்கர் யாருமே இல்லை. இப்படிப் பொதுவான புள்ளி ஒன்று இருந்தால் மூன்று முதலீடுகளும் ஒரே நாளில் நிற்கும்.

கடைசியாக, அறிக்கையில் தேதி போடுங்கள், எந்த மாற்றம் வந்தால் இந்த ஒப்பீடு செல்லாது என்றும் எழுதுங்கள். முக்கியமாக, இந்த மூன்றில் ஒன்று வேறொரு நிறுவனத்தை வாங்கினால். மேரியட் ஓட்டல் நிறுவனம் 2016ல் ஸ்டார்வுட் ஓட்டல்களை வாங்கியபோது, ஸ்டார்வுட்டின் முன்பதிவு அமைப்புக்குள் 2014லிருந்தே ஆட்கள் இருந்தார்கள். தெரிய வந்தது 2018 செப்டம்பரில். வாங்குவதற்கு முதல் நாள் வரை மேரியட்டைப் பற்றி யார் என்ன மதிப்பிட்டு வைத்திருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து அது வேறு நிறுவனம். உங்கள் தொழிற்சாலை விரிவாக்கத் திட்டத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாங்கப்போகும் நிறுவனத்தின் பெயர் தெரிந்தவுடன் இதே கேள்விகளை அங்கேயும் அனுப்பிவிடுங்கள்.